கோட்டை வாடகையை யார் கட்டுவது

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லாரும் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே சொல்.

நேற்று சாயங்காலம் கணினி விளையாட்டில் நம் குழுவான கில்டின் அவசரக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர் என்ற முறையில் உன் அத்தான், கணக்குப் பார்ப்பவள் என்ற முறையில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான், கணினிக்குள்ளிருந்து குரலாக மட்டும் லிஃப்ட் மெக்கானிக், நர்ஸம்மா, பேக்கரிக்காரர், ஹாஸ்டல் பெண், இவர்கள் போக, மைக்கில் மிக்ஸி ஓடும் சத்தத்தோடு இன்னொருவர். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த ஓட்டெடுப்பையும் அவர் விட்டதில்லை. வராதவர், இந்தக் கில்டைத் தொடங்கிவைத்த நீ.

போனில் சொல்லியிருக்கலாம். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். அதனால் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இதை நீ மீட்டிங்கில் இருந்துகொண்டேகூடப் படிக்கலாம்.

"ரெண்டே வாரம் பாத்துக்குங்க அத்தான், ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று சொல்லி அவர் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டுப் போனாய். எட்டு மாதம் ஆகிறது. அந்த விளையாட்டுக் கோட்டைக்கு வாராவாரம் பொற்காசில் வாடகை உண்டு, கட்டாவிட்டால் சனிக்கிழமை கதவு தானாக விழுந்து கில்டே கலைந்துபோகும் என்பதை மட்டும் சொல்லாமல் போனாய். உன் அத்தானுக்கோ யாரிடமும் காசு கேட்டுப் பழக்கமில்லை. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர். வசூல் வேறு ஆளின் வேலை. ஆகவே வசூல் என் தலையில் விடிந்தது. நானும் பால் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் "கோட்டை" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாருக்கும் ஒரே சந்தா என்றேன். மாடிப்படி விளக்குக்கு அப்படித்தானே வீட்டுக்கு வீடு பிரிக்கிறார்கள். நர்ஸம்மா, "நான் டூட்டிக்கு நடுவுல அரை மணி நேரம் வந்து எட்டிப் பாக்கறவம்மா. சந்தா கட்டறதுக்காகவே வேட்டைக்கு வரணும்னா இது விளையாட்டா, இன்னொரு டூட்டியா?" என்றார். நியாயம்தான் என்று அதை விட்டு, ஒவ்வொருவர் வேட்டையில் கிடைக்கும் காசிலும் பத்தில் ஒரு பங்கு தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தேன். லிஃப்ட் மெக்கானிக் கொதித்துவிட்டார். "நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கறேன், சம்பளத்துல பிடிக்கறாங்க. இங்க வந்து ராட்சசனை அடிச்சாலும் பிடிக்கறீங்க. ராட்சசன் பரவாயில்லம்மா, ஒரே அடியில விழறான்." அதுவும் நியாயம்தான். சரி, அவரவர் மனசுக்குத் தோன்றியதைப் போடட்டும் என்று கோட்டை வாசலில் ஒரு பெட்டி வைத்தேன். வாரக் கடைசியில் திறந்தால் ஓட்டைக் கேடயம் ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று, கொஞ்சம் மீன். மீனைப் போட்டவர் பேக்கரிக்காரர்; விளையாட்டில் அவர் மீன் மட்டும்தான் பிடிப்பார். "இருக்கறதைத்தானே குடுக்க முடியும்" என்றார். பிறகு, சேர்ந்து ஜெயித்த பொருட்களை ஏலம் விடலாம் என்று ஹாஸ்டல் பெண் யோசனை சொன்னாள். ஏலத்தில் யாரும் விலை கேட்கவில்லை. சும்மா இருந்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று உன் அத்தானே கேட்டு, அவரே தன் கேள்விக்கு மேல் கேட்டு, ஒரு கொம்பு வைத்த தலைக்கவசத்தைத் தன் பொற்காசுச் சேமிப்பு முழுக்கப் போட்டு எடுத்தார். அது அவர் தலைக்குப் பொருந்தாத சாதி; மந்திரவாதிகள்தான் போடலாமாம்.

இப்போது நடந்த குளறுபடிக்கு வருகிறேன். எந்த வரவானாலும் முதல் பங்கு ஆண்டவனுக்கு என்பது என் பழக்கம், உனக்கே தெரியும். விளையாட்டில் ஆற்றங்கரையில் ஒரு கற்கோயில் இருக்கிறது. காசை வைத்தால் மணி அடிக்கும், அவ்வளவு நன்றாக இருக்கும். கில்டு வரவில் பத்தில் ஒன்றை வாராவாரம் அங்கே வைத்து வந்தேன். போன வாரம் ஹாஸ்டல் பெண் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, ஆத்தங்கரை யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் கோயில் வசூல். இப்ப அது கருங்கழுகு கையில இருக்கு" என்றாள். கருங்கழுகு என்பது வாராவாரம் வந்து நம் கதவை உடைக்கிற கில்டு. நான் போட்ட காசில்தான் கடப்பாரை வாங்கியிருக்கிறார்கள்.

"சாமிக்குன்னு வெச்சது சாமிக்குத்தான். நடுவுல எடுத்தா அது எடுத்தவங்க பாவம்" என்றேன்.

"அவங்க பாவம் நம்ம கதவைல்ல உடைக்குது?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

இந்த வாரம் காணிக்கை வைக்கவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நேற்றைய கூட்டம். பேச்சு முற்றி, "கலைச்சிடலாம், எல்லாருக்கும் நிம்மதி" என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். உன் அத்தான் ஹெட்போனைக் கழற்றினார், வயரைச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார், "கடையில ஏதாவது வாங்கணுமா?" என்று என்னைக் கேட்டார். தம்பி, ஓய்வு பெற்ற வருஷம் முழுக்க அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு கேள்விதான். இந்த விளையாட்டு வந்த பிறகுதான், நர்ஸம்மாவுக்கு முதுகு வலி எப்படி, லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட்டாரா என்று மனுஷராகக் கேட்கத் தொடங்கினார். காசுக்காக அது போகக்கூடாது.

அவர் கடைக்குப் போனதும் நானே மைக்கைப் பிடித்து என் யோசனையைச் சொன்னேன். தனியாக அடித்தது அவரவருக்கு. சேர்ந்து அடித்ததில் மட்டும் கில்டுக்குப் பங்கு. கோட்டைக் கிடங்கில் சாமான் வைப்பவர் அதற்குக் கூலி கொடுக்கட்டும். பேச மட்டும் வருபவர் ஒன்றும் தர வேண்டாம், பேசுவதும் ஒரு பங்குதான். வரவு செலவை வாராவாரம் கதவிலேயே ஒட்டிவிடுவேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், மிக்ஸி உட்பட. ஆனால் இப்படி ஆளுக்கொரு கணக்காக விதியை மாற்ற, தொடங்கிவைத்தவர் உள்ளே வந்து "சம்மதம்" என்பதை அழுத்த வேண்டுமாம். அது நீதான். ஒரே ஒரு அழுத்து. அதற்கு மேல் உன்னை நான் எதற்கும் கேட்கவில்லை.

உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பும், அதோடு கொஞ்சம் நேரமும் கொடுக்கட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு, சம்மதத்தை அழுத்தாதே. இன்று காலை கருங்கழுகுத் தலைவரிடமிருந்து ஒரு செய்தி. "அம்மா, இந்த வாரம் உங்க காணிக்கை வரலையே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டிருக்கிறார். அங்கேயும் யாரும் ஒரு காசு கொடுப்பதில்லையாம்; இத்தனை நாளும் என் காணிக்கையில்தான் அவர்கள் வாடகை ஓடியிருக்கிறது. உன் அத்தான் ஹெட்போனை எடுத்து மாட்டி, "உங்க கோட்டைக்கு எவ்வளவு வாடகைங்க?" என்று தொடங்கியவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு கோட்டை எதற்கு, ஒன்றைக் காலி செய்துவிட்டால் ஒரே வாடகை என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். சம்மதத்துக்குக் கீழே "இணைப்பு" என்று இருக்கிறதாம், அதை அழுத்து. இனி கற்கோயிலும் நம் கைக்கு வருகிறது. நான் வைக்கும் காணிக்கையை நானே எண்ணி எடுத்து வரவு வைக்க வேண்டும். அது பாவமா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லி, சனிக்கிழமைக்குள் பதில் போடு.