இரண்டு அளவு சின்னது

இன்றைக்கு லீவு போட்டாவது இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பள்ளிப் பேருந்து ஓட்டுநர் முடிவெடுத்தார். சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு மனைவி எங்கோ கிளம்பிப் போகிறாள். கேட்டால் "வேலை இருக்கு" என்கிறாள். ஆறு மாதமாக அவள் படுக்கையும் கூடத்துக்கு மாறிவிட்டது. அறைக்குள் புழுக்கமாம். இவருக்கோ நெஞ்சுக்குள் புழுக்கம்.

முதலில் கோபித்துப் பார்த்தார். அவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு தானும் பேசாமல் இருந்து பார்த்தார். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. தன்னை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நினைத்துக்கொண்டார். ஒருநாள் விளக்கு மாறியதுகூடத் தெரியாமல் நின்றபோது, பின்னால் இருந்த பிள்ளைகள் "பச்சை, பச்சை" என்று கத்தித்தான் வண்டியை நகர்த்தினார்கள்.

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். அவள் காலை அகட்டி, வலிக்கிற மாதிரி நடந்தாள். இத்தனை மாதத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. அவள் செருப்புக்கடை வாசலில் நின்றதும் இவர் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குந்தினார். எழுவதற்குள் அவள் ஒரு மகளிர் மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டாள்.

சந்தேகம் போய்ப் பயம் வந்தது. பெரிய வியாதியோ? வாசல் தூணோடு தூணாக ஒட்டி நின்றார். தூணைவிட அவர் அகலம்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த அவளிடம் கேட்டாள். "இவர்தானாம்மா? இன்னிக்காவது வந்துட்டாரே."

உள்ளே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பூஞ்சைத் தொற்று. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மருந்தில் ஆறி ஆறித் திரும்ப வருகிறது. சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நீராவி இஸ்திரி முன்னால் நிற்கிறாள். அதற்கு மேல் காற்றுப் புகாத இறுக்கமான ஜீன்ஸ். சூடும் ஈரமும் அடைந்து கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அது ஒன்றே காரணம் என்றில்லை, சர்க்கரையும் பார்க்க வேண்டும். ஆனாலும் தளர்வான பருத்தித் துணி உடுத்தினால் வருவது குறையலாம்.

"நாலு தடவை சொல்லிட்டேன். அந்த ஜீன்ஸ் நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தது, விட மாட்டேங்கறாங்க."

கல்யாண நாளுக்கு வாங்கியது. இரண்டு அளவு சின்னது. போடப் போடப் பழைய மாதிரி ஆகிவிடுவாய் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்துவிட்டார்.

இறுக்கம் அவள் மனசில் என்று ஆறு மாதம் மருகினாரே, அது அவள் இடுப்பில் இருந்தது. வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்தவரும் அவரே.

தாழ்வாரத்துக்கு வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அரிக்குது, எரியுதுன்னு எப்படிச் சொல்றது? அந்த ஜீன்ஸாலன்னும் சொல்லணும். குண்டாயிட்டேன்னு நானே இன்னொரு தடவை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறமும் உளவு பார்த்த கெட்டிக்காரத்தனம் விடவில்லை. "நான் பின்னாடி வர்றேன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு இடத்துக்குக் கூட வாங்கன்னு கேட்டேன், எங்கேன்னு கேக்காமலே லீவு இல்லைன்னீங்க. அப்புறம்தான் எங்கேன்னு சொல்ல வேணாம்னு விட்டேன். பின்னாடி வருவீங்கன்னு அஞ்சு சனிக்கிழமையா மெதுவாத்தான் நடக்கறேன். இன்னிக்குத்தான் வந்தீங்க."