சித்தியின் பாசியும் வாத்தியாரின் முழங்கையும்

அறிவிலும் பொறுமையிலும் நம் குடும்பத்திலேயே உயர்ந்தவரான (பொறுமை இன்று தேவைப்படும்) சித்திக்கு, உங்கள் அக்கா பெற்ற வினை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் உங்கள் பாசிகள் சேராது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பதிலுக்கு உங்கள் குரலைக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆய்வகக் கூரை ஒழுகுகிறது என்று அந்தக் கண்ணாடித் தட்டுகளை இங்கே கொண்டுவந்து வைத்தபோது, அப்பாவின் சலவைக் கடைக்கு மேல்மாடி, எந்நேரமும் நீராவி, ஈரத்துக்குக் குறைவே இல்லை, இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றீர்கள். இடத்தில் தப்பே இல்லை சித்தி, ஆளில்தான். டாக்ஸியில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்று பாடம் வேறு எடுத்தீர்கள். இது குளத்துப் பாசி இல்லை, தரையில் நிற்கிற அத்தனை மரம் செடி கொடிக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். மெதுவாகக் காய்ந்தால் செல்லின் சுவர் விசிறி மாதிரி மடிந்துகொள்ளும், உள்ளே சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு அடுப்பை அணைத்துப் படுத்துவிடும், வெளி ஓரத்தில் இருப்பவை செத்தாவது நடுவில் இருப்பவற்றைக் காப்பாற்றும், தண்ணீர் பட்டதும் எல்லாம் எழுந்து வேலைக்குப் போகும். வேகமாகக் காய்ந்தால் மட்டும், மடிய நேரமில்லாமல் மொத்தமாக மடிந்துபோகும். இதைச் சுரண்டி எடுத்த பழைய சுவரையும் இடிச்சிட்டாங்க, இனிமே இது உலகத்துல இந்தத் தட்டுலதான் இருக்கு, மூடியைத் திறக்காதேன்னு சொன்னீங்க. நான் தலையாட்டினேன். தலையாட்டினதை மட்டும் நம்பினது உங்க தப்பு.

விஷயம் இதுதான். வயலின் வாத்தியாரோட வெள்ளை ஸ்வெட்டர் துவைக்க வந்தது. ஒரு நூல் பிரிஞ்சாலும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுற மனுஷன். அப்பா அவரைக் கண்டாலே கல்லாவுக்குப் பின்னால குட்டையாயிடுவார். துவைச்ச ஸ்வெட்டரை வலையில விரிச்சு வச்சிருந்தாங்க. அந்த வெள்ளையோட முழங்கைல கொஞ்சம் பச்சை இருந்தா அப்பா முகம் எப்படி இருக்கும்னு பார்க்க ஆசை வந்துச்சு. ஆசை யாரை விட்டது. மூடிகளைத் திறந்து, கொழகொழன்னு நூல் நூலா இருந்த பச்சையை ஒரு பிடி அள்ளினேன். அதுக்குள்ள மாடிப்படில செருப்புச் சத்தம். தட்டுகளை அப்படியே சூடான காத்து வர்ற குழாய்க்குப் பின்னால தள்ளிட்டு, கைப்பிடிப் பச்சையோட பின்பக்கமா கீழே ஓடி, முழங்கைல அப்பிட்டு, மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு காத்திருந்தேன். அப்பா வந்தார். அலறலை. கம்பளியை உள்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி துவைச்சு, நேர்ப்பக்கமாப் புரட்டித்தானே அவர் உலர்த்துவார்! கண்ணாடியும் போடாம, பேசிக்கிட்டே புரட்டினார். கறை உள்ளே போயிடுச்சு. மேலே ஒரு ஈரத்துணியைப் போர்த்தி நிழல்ல விட்டுட்டு, வழக்கமா சொல்றதைச் சொன்னார்:

"கம்பளியை அவசரப்படுத்தக் கூடாது. பயந்து சுருங்கிடும்."

குறும்பு புஸ்ஸுன்னு போன துக்கத்துல தட்டுகளை மறந்துட்டேன். ஸ்வெட்டரும் ஆற அமரக் காய்ஞ்சு, வாத்தியார் வீட்டுக்குப் போயிடுச்சு. ஞாபகம் வந்து குழாய்க்குப் பின்னால கையை விட்டா, உங்க ஒன்றுவிட்ட சொந்தமெல்லாம் பழைய பெயிண்ட் மாதிரி உரிஞ்சு வருது. தண்ணி தெளிச்சேன், மூடி போட்டேன், மன்னிப்புக் கேட்டேன், வெளிச்சத்துல வச்சேன், இருட்டுல வச்சேன். பழுப்பு பழுப்பாவே இருந்துச்சு. அம்மா எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னது இதுதான்: "அவ என் கல்யாணத்துக்கு வரும்போதுகூட நகையைப் பைல போட்டு, இந்தத் தட்டைத்தான் மடில வச்சுக்கிட்டு வந்தா."

அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை சித்தி. நிஜமாத்தான். ஆகவே, இனி என் வாழ்நாளில் குறும்பு என்பதே செய்ய மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். தாங்கள் தரும் எந்தத் தண்டனையையும் ஏற்பேன். அது வேகமாக இல்லாமல் மெதுவாக இருந்தால் மடிந்துகொள்ள வசதி. உங்கள் உடல் நலமும் ரத்த அழுத்தமும் சீராக இருக்க வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்கவிருக்கும்,
வாலு

பி.கு.: மேலே எழுதிய உறுதிமொழியை அடித்துவிடவும். கடிதத்தை உறையில் போடும்போது வாத்தியார் கடைக்கு வந்தார். நேற்றுத் தூறலில் ஸ்வெட்டரோடு நனைந்திருக்கிறார். "யோவ், என் முழங்கைல என்னமோ முளைக்குதுய்யா" என்று கழற்றிக் காட்டினார். பச்சை! நல்ல கொழுத்த பச்சை! நான் மட்டும் குறும்பு செய்யாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? மூடியைத் திறக்காமலே இருந்திருந்தால் எதுவும் செத்திருக்காது என்பீர்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போதைய சிக்கல் வேறு. அப்பா கறை நீக்கும் பாட்டிலைத் திறந்ததும், நான் ஸ்வெட்டரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, கடிதத்தோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வெளியே அப்பா பாட்டிலோடும் வாத்தியார் பனியனோடும் நிற்கிறார்கள். இதைக் கதவுக்கு அடியில் அம்மாவிடம் தள்ளுகிறேன். கடிதம் போகும், சாப்பாடு வராது. முழங்கையை நனைத்துக்கொண்டு மடிந்து உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் வாங்க சித்தி.