மேஜர் பிடித்த சஷ்டி விரதம்

என்னை நம்பி யாரும் ஒரு பூச்செடியைக்கூட விட்டுப் போவதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் என் நிலைமை. பக்கத்து வீட்டுக்காரர் விடுமுறைக்குப் புறப்பட்டால் வீட்டுச் சாவியை என் மனைவி மலரின் கையில்தான் கொடுப்பார். வாசலில் முன்னுக்கு நிற்பது நானாக இருந்தாலும் என்னைத் தாண்டிக் கையை நீட்டுவார். கோபித்துப் பயனில்லை. நான் ஒரு பூனையைப் பார்த்துக்கொண்ட ஏழு நாட்களுக்குக் கிடைத்த சம்பளம் இது.

எண்பத்தாறாம் ஆண்டு. எனக்கு இருபத்தெட்டு வயது. லண்டன் அப்டன் பார்க்கில் டொரத்தி என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் வீட்டில், மேல்மாடி முன்னறையில் குடியிருந்தேன். பகலில் பெற்றோல் ஷெட்டில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருப்பேன். டொரத்திக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு பூனை இருந்தது. செம்மஞ்சள் நிறம், தலையணை அளவு, பெயர் மேஜர். (ஊரில் இராணுவ மேஜர்மாருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு, வந்த இடத்திலும் ஒரு மேஜர். விதி விடுமா?)

அப்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். கொழும்பில் காத்திருந்த மலருக்கு விசா கிடைத்துவிட்டது, டிசம்பரில் வந்து இறங்கப்போகிறாள். டொரத்தியின் வீட்டுச் சட்டமோ ஓர் அறைக்கு ஓர் ஆள். புதுப் பெண்சாதியைக் கூட்டி வந்து எங்கே வைப்பது? எங்கள் ஊர்க் குணம் அண்ணையின் வீட்டு வரவேற்பறையில் ஏற்கெனவே நான்கு பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். டொரத்தியிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் தேநீர் ஊற்றித் தந்து, இல்லை என்றார்.

அப்படியிருக்க ஒக்டோபர் கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டார். கடற்கரை ஊரில் இருக்கும் தங்கைக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் போகவேண்டும், மேஜரை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை என்றார். தம்பி மகன் குடிகாரன். அடுத்த வீட்டுப் பெண் வாய் காட்டுவாள், வேலை செய்யமாட்டாள்.

“நீ குடிப்பதில்லை, புகைப்பதில்லை. கோயிலுக்குப் போகிறாய்” என்றார். “கடவுளுக்குப் பயந்தவன் ஒரு வாயில்லாச் சீவனை வருத்தமாட்டான். பூனை வளர்த்திருக்கிறாயா?”

“ஊரில் எங்கள் வீட்டில் நாலு பூனை” என்றேன். அம்மா மீன் வெட்டும்போது வேலியால் பாய்ந்து வந்தவற்றைத்தான் அப்படிக் கணக்கில் சேர்த்தேன்.

“மேஜரை நல்லபடி பார்த்துக்கொள். வந்ததும் உன் மனைவியின் விஷயத்தைப் பேசுவோம்.”

அந்தக் கடைசி வசனத்துக்காக நான் புலியைக்கூடக் குளிப்பாட்டியிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் பதினான்கு மீன் டின்களை அலமாரியில் அடுக்கி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு, டாக்சி ஏறினார் டொரத்தி. அன்று மாலை முதல் டின்னைத் திறந்து வைத்தேன். மேஜர் மரியாதையாகச் சாப்பிட்டது. இவ்வளவுதானா வேலை என்று மேலே போய் நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த நாள் கந்தசஷ்டி ஆரம்பம்.

மலருக்கு விசா கிடைத்தால் ஆறு நாளும் பாலும் பழமுமாகச் சஷ்டி பிடிப்பதாக நான் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். விசா வந்துவிட்டது. ஆள் இன்னும் விமானம் ஏறவில்லை. இந்த நேரத்தில் நேர்த்தியில் பிசகினால் என்ன நடக்கும்? விசாவில் குத்திய முத்திரையே அழிந்துபோகும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். விரதக்காரன் சமைக்கிற குசினியில், அவன் கையாலேயே, நாளுக்கு இரண்டு மீன் டின் திறப்பதா? குணம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். பெற்றோல் ஷெட்டில் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். வேலையிலிருந்து வேதாந்தம் வரை எனக்கு அவர் சொன்னதே சட்டம்.

“தம்பி, மீன் ரின்னைக் கையாலை தொட்டீரெண்டால் விரதம் முறிஞ்சுது” என்றார்.

“அப்ப பூனைக்கு என்ன அண்ணை குடுக்கிறது?”

“ஏன், ஊரிலை வெள்ளிக்கிழமையிலை எங்கட வீட்டுப் பூனை என்ன திண்டது? நாங்கள் திண்ட சோறும் பருப்பும்தானே. செத்தே போச்சு?”

நியாயம்தானே? வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊர்ப் பூனைகளும் சைவம்தான். ஒரு வெள்ளிக்கிழமை தாங்கும் பூனை ஆறு வெள்ளிக்கிழமை சேர்ந்து வந்தால் தாங்காதா? இப்படி யோசித்தவன் கல்லாப்பெட்டி பார்த்தான் என்பதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஞாயிறு காலை குளித்து, குசினியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்து மேஜரின் தட்டில் வைத்தேன். மேஜர் தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பின்கதவில் அதற்கென்று வைத்திருந்த சின்னக் கதவால் வெளியே போய்விட்டது.

மாலையில் திரும்பி வந்தது. புதிதாகக் குழைத்து வைத்ததையும் தொடவில்லை. ஆனால் சத்தமும் போடவில்லை, காலைச் சுற்றிக் கெஞ்சவும் இல்லை. கதிரையில் ஏறிச் சாந்தமாகப் படுத்துக்கொண்டது. திங்களும் அப்படியே, செவ்வாயும் அப்படியே. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. பூனையின் முகத்திலோ ஒரு நிறைவு. நானோ பசியில் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கண் கலங்கியது.

“அண்ணை, பூனையும் என்னோடை சஷ்டி பிடிக்குது” என்று ரெலிபோனில் சொன்னேன்.

“போன பிறப்பிலை பெரிய அடியாரா இருந்திருக்கும் தம்பி. மரியாதையா நடத்தும்” என்றார் அண்ணை.

புதன்கிழமை நவம்பர் ஐந்து. அன்று ஏதோ பழைய சதி பிடிபட்ட நினைவாக லண்டன் முழுக்க வெடி கொளுத்துவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பின்வளவுப் பக்கம் முதல் வெடி கேட்டதும் என் மூளை எதையும் கேட்கவில்லை, உடம்பு தானாகக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. போனால் அங்கே மேஜர் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் நடுங்கினோம். பயந்த பிள்ளைக்கு எங்கள் வீட்டில் திருநீறு பூசுவார்கள். கையை மட்டும் வெளியே நீட்டி மேசையிலிருந்த திருநீற்றை எடுத்து, என் கண்ணீரோ வியர்வையோ எதிலோ குழைத்து, எனக்கு மூன்று குறி, மேஜருக்கு மூன்று குறி பூசினேன். மேஜர் என் கைக்குள் தலையை வைத்துக்கொண்டது. லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் என்னோடு ஒட்டிப் படுத்த முதல் சீவன் அதுதான். (மலர் இதை வாசிப்பாள். வாசிக்கட்டும்.)

வெள்ளியோடு விரதம் முடிந்தது. சனி காலை விரதம் விடும் பாறணைச் சாப்பாட்டை முடித்து, சக அடியார் என்ற முறையில் மேஜருக்கு ஒரு டின்னைத் திறந்து வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. விரதத்தில் என்னைவிட உறுதி என்று நினைத்தேன். மிச்சம் பன்னிரண்டு டின் அப்படியே இருந்தது. டொரத்தி கண்டால் கேள்வி வரும். என் சூட்கேசில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

மத்தியானம் டொரத்தி வந்தார். முதல் வேலையாக மேஜரைத் தூக்கினார். தூக்க முடியாமல் ஒரு மூச்சு விட்டுத் திரும்பத் தூக்கினார். பூனை நன்றாகக் கனத்திருந்தது. நெற்றியைத் தடவி, “இது என்ன வெள்ளை மா?” என்றார்.

“ஆசீர்வாதம்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றேன்.

“கடவுளே, உன் சாப்பாட்டையும் இவனுக்குக் கொடுத்தாயா?”

இந்த இடத்தில் ஒரு மானமுள்ளவன் இல்லை என்றிருப்பான். நான் தலையை ஆட்டினேன். ஓமென்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம் என்று நம்மவர்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல்.

டொரத்தியின் கண் நிறைந்துவிட்டது. “உன் மனைவி வரட்டும். இது இனி அவள் வீடும்தான்” என்றார். மேலே ஓடிப்போய் முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். மலருக்குக் கடிதமும் எழுதி, உறையையும் ஒட்டினேன்.

மாலை ஐந்து மணிக்கு, பயணக் களைப்பில் சமைக்க மனமில்லாமல், டொரத்தி மூலையிலிருந்த பொரித்த மீன் கடைக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மீன் வாங்கி வரவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது. கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தல் அது.

“இந்தப் பூனை யாருடையது? ஒரு வாரமாக இரண்டு வேளையும் எங்கள் பின்வாசலில்தான் சாப்பாடு. செம்மஞ்சள் நிறம். நெற்றியில் எவனோ மூன்று வெள்ளைக் கோடு இழுத்திருக்கிறான். வளர்ப்பவன் கல்நெஞ்சன்.”

டொரத்தி தாளை என்னிடம் நீட்டினார். “டின்கள் எங்கே?” என்று கேட்டார்.

சூட்கேசைக் கீழே கொண்டுவந்து திறந்தேன். பன்னிரண்டு டின்களும் மலரின் கலியாணப்படமும் இருந்தன. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில் முருகனையும் விசாவையும் குணம் அண்ணை வீட்டு வெள்ளிக்கிழமைப் பூனையையும் விளங்கப்படுத்த முக்கால் மணித்தியாலம் பிடித்தது. டொரத்தி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டார்.

“ஆறு நாளும் நீ சாப்பிடவில்லை. அவள் வரவேண்டும் என்பதற்காக.”

“ஓம்.”

“மேஜர் யார் வரவேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்கவேண்டும்?”

நான் டின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் அடுக்கினேன்.

“அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு டின்னைத் திறந்து தரச் சொல்லியிருக்கலாமே?”

உண்மை என்னவென்றால், பூனையைப் பார்த்த நல்ல பெயரில் அடுத்த வீட்டுக்காரிக்குப் பங்கு போய்விடும் என்றுதான் நான் கேட்கவில்லை. அறை போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒட்டிய கடிதத்தைக் கிழிப்பதற்காக மேலே போகத் திரும்பினேன்.

டொரத்தி மலரின் படத்தைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். “இந்தப் பெண் உன்னைப்போல இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்” என்றார். “அவள் வரட்டும். ஆனால் பூனை அவள் பொறுப்பு. நீ அதன் தட்டைத் தொடக்கூடாது.”

டிசம்பரில் மலர் வந்து, கோட்டைக் கழற்ற முதலே டொரத்தி அவளைக் குசினிக்குக் கூட்டிப்போனார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த மீன்கடை அறிவித்தலைக் காட்டி, பட்டினிப் பூனையாகவும் கட்டிலுக்குக் கீழே கிடந்த நானாகவும் நடித்தே காட்டினார். மலருக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது.

“இஞ்சாருங்கோ” என்றாள். “உங்களை நம்பியே நான் ப்ளேன் ஏறினனான்?”

மேஜர் மலரின் பொறுப்பில் இன்னும் ஒன்பது வருடம் கௌரவமாக வாழ்ந்தது. சஷ்டி வந்தால் டின் திறப்பது அடுத்த வீட்டுக்காரி.

போன மாதம் எங்கள் மகள் குடும்பத்தோடு போர்த்துக்கலுக்குப் போனாள். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவளுடைய பூனையைப் பார்க்க மலரும் நானும் போய் நின்றோம். போகுமுன் மகள் வழக்கம்போல ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். முதலாவது வரி: “அப்பா விரதமென்றால் அப்பா மட்டும்.” அதற்குக் கீழே பேனையால், மலரின் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: “திருநீறும் பூசக்கூடாது.”