ஆஜர் அண்ணாச்சியும் என் சிவப்புக் கோடும்

நான் செத்துவிட்டேனா இல்லையா என்று கேட்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர், இந்தக் குமரி மாவட்டத்திலேயே ஆஜர் அண்ணாச்சி ஒருவர்தான். அந்த வேலையை அவ்வளவு பிடிவாதமாகச் செய்ய உலகத்தில் வேறு ஆள் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் மூளையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். "இவியளுக்கு மூளை உண்டுன்னே அப்பத்தான் தெரிஞ்சுது" என்று என் மனைவி லில்லி இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். கட்டியில் ஒரு துணுக்கு ஆராய்ச்சிக்குப் போயிற்று. அதில் எந்த மரபணு துள்ளுகிறது, எது சோம்பிக் கிடக்கிறது என்று பார்த்து, ஆள் எவ்வளவு காலம் இருப்பார் என்று கணிக்கிற ஆராய்ச்சி. கணிப்பு பலித்ததா என்று தெரிய வேண்டாமா? அதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு, இருக்கிறோமா என்று கேட்டு எழுதுகிற வேலை அண்ணாச்சிக்கு. அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. நோயாளிகள் நாங்கள் வைத்ததுதான் 'ஆஜர்'.

அவரிடம் சாட்சி செல்லாது. பெண்டாட்டி சொன்னாலும் எழுத மாட்டார்.

"லில்லியம்மா, ஆளைக் கூப்பிடுங்க."

"அவிய குளிக்காவ அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்காவ."

"குளிக்கட்டும். நான் லைன்ல நிக்கேன். எனக்குக் குரல் வேணும்."

சோப்பு நுரையோடு ஓடிவந்து, "இருக்கேன் வே!" என்று கத்தினேன். "ஆஜர்" என்று வைத்துவிட்டார். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஒருமுறை வட்டக்கோட்டைக்குப் போன இடத்தில் என் போன் கடல் தண்ணீரில் விழுந்து, இரண்டு நாள் பேச்சு மூச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் நித்திய ஜீவனைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்த அண்ணாச்சி, என் பெஞ்சருகே குனிந்தார்.

"பேசும்."

"இருக்கேன்."

குறித்துக்கொண்டு போய்விட்டார். போதகருக்கு விட்ட இடம் மறந்துவிட்டது.

அவருடைய படிவத்தில் 'தொடர்பு இல்லை' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதை அவர் தொட்டதே இல்லை. மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு நோயாளியைத் தேடி அலைந்து, கடைசியில் பஜ்ஜிக் கடையில் பிடித்து, வாயிலிருந்ததை விழுங்க வைத்துப் பேசச் சொன்னாராம்.

இனி என் கதை. ஆராய்ச்சியில் எங்களை இரண்டாகப் பிரித்து வரைபடம் போட்டிருந்தார்கள். அதிக காலம் இருப்பார்கள் என்று கணித்தவர்களுக்கு நீலக் கோடு, மற்றவர்களுக்குச் சிவப்பு. நான் மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். சிவப்பிலே பதினாறு தினுசு விற்றிருக்கிறேன். ஆனால் என் பெயர் சிவப்பில் என்று கேட்ட அன்று கடையைத் திறக்கவில்லை. "இது கூட்டத்துக்கான கணக்கு, உங்க ஒருத்தருக்குச் சொல்றதில்ல" என்று டாக்டர் விளக்கியது காதில் ஏறினால்தானே?

நேரே வீட்டுக்கு வந்து, மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னேன். அவள் நர்சிங் இரண்டாம் வருடம். துபாய் மாப்பிள்ளை கிடைத்தான். படிப்பை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்றார்கள். ஷைனிக்குச் சோறு இறங்கவில்லை.

தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"பேசும்."

"இருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் வரணுமா வே?"

அவர் குறித்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. அடுக்களைப் பக்கம் நின்ற ஷைனியின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பிள்ளைக்கு என்ன?"

லில்லி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "படிப்பை நிறுத்திக் கெட்டிக் குடுக்கப் போறோம். இவிய சிவப்புக் கோட்டுலல்லா இருக்காவ."

அண்ணாச்சி பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, மிக்சர் தட்டைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தார்.

"கோடு பொய் சொல்லல்ல. நீலத்தைவிட சிவப்பு வெரசா இறங்கும், உள்ளதுதான். இது இறங்குத ஒவ்வொரு படியும் ஒரு ஆளு போனது. நான்தான் எழுதிக் குடுத்தேன். ஆனா இந்தச் சின்னக் கீறுவளைப் பாத்தீரா? கடைசியா நான் கேட்டப்ப இருந்தவங்க. இனிமே அவங்களுக்கு என்ன ஆவும்னு இந்தப் படத்துக்குத் தெரியாது. உமக்கும் ஒரு கீறு இருக்கு. இதுல கல்யாணத் தேதி எங்க இருக்கு? காட்டும் பாப்போம்!"

லில்லிக்காக, ஊர் வழக்கம் என்று வெளியில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, பயந்து நடுங்கியது நான்தான். என் பயத்துக்கு என் பிள்ளையின் படிப்பைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மக்கா, நீ படி" என்றேன்.

துபாய் வீட்டார் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். சம்பந்தம் கொண்டுவந்த என் மச்சினன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு நிம்மதிதான்.

நான் இன்றும் சிவப்பில்தான் நிற்கிறேன், தெம்பாகவே நிற்கிறேன். போன மாதம் ஷைனிக்குப் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடையிலிருந்து இறங்கினாள். முன்வரிசையில் கையை நீட்டிக்கொண்டிருந்த என்னைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போய், பட்டத் தொப்பியைக் கழற்றி அண்ணாச்சியின் வழுக்கைத் தலையில் வைத்தாள். எனக்குப் பொறாமையே வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் தொப்பி அவருக்குத்தான் அளவாக இருந்தது.