மாடு நக்கிய வெனிஷியன் சுவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிற வாடிக்கையாளர் எவரும், கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார். “ஊர்ல இருக்கற சுவத்தையெல்லாம் பளிங்கு மாதிரி ஆக்குறீங்க. உங்க ஹால் மட்டும் ஏன் மேடம் இப்படி இருக்கு?”

நியாயமான கேள்விதான். எங்கள் ஹாலில் அடித்திருப்பது சாதாரண டிஸ்டெம்பர். அதுவும் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் பாதி ஒட்டிக்கொண்டு வரும். “மேலிடத்து உத்தரவுங்க” என்று சொல்லிச் சமாளிப்பேன். வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அதைவிட ரொம்ப மேலிடம்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்விட்ச் பெட்டிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்கு நாலு ஸ்க்ரூ. எட்டு மணி நேரமும் அதே நாலு ஸ்க்ரூ. கனவிலும் முடுக்குவேன். (ஒருநாள் காலையில் என் கணவர் சேகர் எழுந்து சட்டைப் பொத்தான் ஒன்றைக் காணோம் என்றார். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.) இதிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், திருவள்ளூரில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் மூன்று நாள் வெனிஷியன் பிளாஸ்டர் பயிற்சி என்று செல்போனில் விளம்பரம் வந்தது. வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

இருபது பெயிண்டர்கள், நடுவில் நான் ஒருத்தி. சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பில் சலித்த மார்பிள் தூளைக் கலந்து, வெற்றிலை கனத்துக்கு மூன்று கோட் இழுக்க வேண்டும். கடைசி கோட் காய்கிற பதத்தில் கொத்தனாரின் இரும்புக் கரண்டி முகத்தால் தேய்க்கத் தேய்க்க, சுவர் பளிங்காக மின்னும். கேட்பதற்குச் சுலபம்.

“தேய்க்கறப்ப கோவம் கூடாதும்மா, கெஞ்சணும்” என்றார் மாஸ்டர். நான் எங்கள் சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டு தேய்த்தேன். பலகை முழுவதும் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்தது. மாஸ்டர் அதைத் தூக்கி வைத்து, எப்படித் தேய்க்கக் கூடாது என்பதற்கு மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நான் பழைய ரேவதி இல்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் கை பரபரத்தது. படுக்கையறைச் சுவரில் பழகினேன். அடுக்களைச் சுவரில் பழகினேன். மூன்று வாரம் எங்கள் சாம்பாரில் மார்பிள் தூள் இருந்தது. என் மாமியார், அதாவது அத்தை, இட்லியை வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

“இன்னாடி இது, பல்லுல நறநறன்னுது? பேஜாரு புடிச்ச வேலையா கீதே!”

“பழகிக்கினு இருக்கேன் அத்தை.”

“எங்க பல்லுலயா?”

கம்பெனியை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னதும் வீடே ரெண்டுபட்டது. கடைசியில் அத்தைதான் பஞ்சாயத்தை முடித்துவைத்தார். சேகரின் அக்கா அமுதா அண்ணி, புதுவாயலில் வீடு கட்டி முடித்திருந்தார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம்.

“அமுதா ஊட்டு ஹால்ல ஒரே ஒரு செவுரு பண்ணு. நல்லா வந்துச்சின்னா கம்பெனிய உட்டுடு, நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன். சொதப்புனியோ, கரண்டிய பரண் மேல போட்டுட்டு திங்கக்கெழமை கம்பெனி பஸ் ஏறிடணும். இன்னா?”

“சரி அத்தை” என்றேன். என் வாழ்க்கையே பத்தடிக்குப் பன்னிரண்டடி சுவரில் வந்து நின்றது.

சொல்கிறேனே என்று நினைக்கக் கூடாது, சுவர் அற்புதமாக வந்தது. பால் வெள்ளை, ஊடே லேசான சாம்பல் ஓட்டம். கெஞ்சிக் கெஞ்சித் தேய்த்ததில் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒரே ஒரு குறைதான். இந்தச் சுவருக்குக் கடைசியில் மெழுகு பூச வேண்டும். சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகுதான் பூசலாம், அதற்கு மூன்று வாரமாவது ஆகும். ஆனால் ஆடி பிறப்பதற்குள் விசேஷத்தை முடிக்க வேண்டுமே. நான் கடைசி கோட் தேய்த்து ஐந்தே நாளில் முகூர்த்தம்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். “மெழுகு வைக்கிற வரைக்கும் அது பச்சக் கொழந்தைம்மா. எவனும் கை வைக்கக் கூடாது” என்றார். ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சுவருக்கு முன்னால் ஸ்டூலில் நிறுத்தினேன்.

முகூர்த்தம் அதிகாலை. மணையில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கும் அவர் கணவருக்கும் ஆரத்தி எடுக்க, தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்தது நான்தான். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) பிறகு வழக்கம்போலப் பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் அழைத்து வந்தார்கள். கன்று சமர்த்து. பசு ஹாலுக்கு வந்ததும் நின்றது, மோந்தது, அட்டை இருந்த ஸ்டூலை முட்டித் தள்ளிவிட்டு, என் சுவரைக் கீழிருந்து மேலாக நிதானமாக ஒரு நக்கு நக்கியது. நன்றாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு நக்கும் நக்கியது.

“ஐயோ, என் சுவரு!” என்று அலறினேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். “பதறாதேம்மா! மகாலட்சுமியே வந்து ஏத்துண்டுட்டா. எத்தனை கிரகப்பிரவேசம் பண்ணியிருக்கேன், இப்படி நான் பார்த்ததே இல்லை!”

அவ்வளவுதான், கூட்டம் சுவரைச் சுற்றிக்கொண்டது. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த சித்தி, அதாவது அத்தையின் தங்கை, முன்னால் வந்தார். சேதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். லட்சுமி நக்கிய இடம் சும்மா இருக்கலாமா என்று, குழைத்த மஞ்சளை ஒரு கை அள்ளி அங்கே அப்பினார். தடுப்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தியின் கை சுவரில் வழுக்கிக்கொண்டு போனது.

“அடியே அமுதா! இன்னாடி இது, இப்டி வழுவழுன்னு கீது? எந்த ஊரு ஆளு வந்து பண்ணான்?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. “நான்தான் சித்தி பண்ணேன்” என்றேன். ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஸ்க்ரூ முடுக்கியதற்காக என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை. தலை கிறுகிறுத்தது. விழுந்து கிடந்த அட்டையை நானே எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். “நல்லா தொட்டுப் பாருங்க” என்றும் சொன்னேன். மாஸ்டராவது, பச்சக் குழந்தையாவது!

கிரகப்பிரவேசத்தில் எந்தப் பெண்ணின் கை மஞ்சள் இல்லாமல் இருக்கும்? ஒருத்தர் விடாமல் தொட்டார்கள். சிலர் ரெண்டு கையாலும் தடவினார்கள். சின்னப்பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்தும் தொடவைத்தார்கள். அப்புறம் நாஷ்டா தயார் என்று குரல் வந்ததும் எல்லோரும் மாடிப் பந்திக்கு ஓடினார்கள்.

நான் பொங்கலை அவசரமாக விழுங்கிவிட்டு, சுவரை இன்னொரு முறை பார்த்து மகிழலாம் என்று முதல் ஆளாக இறங்கி வந்தேன். பார்த்தேன். சுவர் முழுக்க ரத்தக் கைகள். பெரிய கை, சின்ன கை, குழந்தையின் கை, நடுவில் மாடு நக்கிய இடத்தில் ஒரு பெரிய சிவப்புத் திட்டு.

முதலில் மாட்டின் மேல்தான் சந்தேகப்பட்டேன். என் பிளாஸ்டர் அதன் நாக்கைக் கிழித்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடி, அதன் வாயைப் பிடித்துப் பார்த்தேன். நாக்கு நன்றாகத்தான் இருந்தது, மாடு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. திரும்ப ஓடி வந்து ஈரத் துண்டால் சுவரைத் துடைத்தேன். ஈரம் பட்டதும் சிவப்பு இன்னும் கூடி, கோடு கோடாகக் கீழே வழிந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தி, கையில் பொங்கல் தட்டோடு உள்ளே வந்தார். சிவந்து வழியும் சுவர், சிவந்த துண்டு, அதைப் பிடித்தபடி முழிக்கும் நான். தட்டு கீழே விழுந்தது.

“ஐயய்யோ! செவுத்துல ரத்தம் வருதே!”

மாடியே இறங்கி வந்தது. அண்ணி அழ ஆரம்பித்தார். “இது இன்னாம்மா ரேவதி?” என்றார் அவர் கணவர். அந்தச் சுவரில் மாட்டப்போகிற பெரிய டிவியை அட்டைப் பெட்டியோடு தயாராக வைத்திருந்தவர் அவர். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “ஆடிக்கு முன்ன முடிக்கணும்னு அவசரப்பட்டீங்களே”, “பொம்பள கரண்டி புடிச்சா இப்டித்தான்”, “இவ கை ராசி அப்டி” என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சேகர் என்னையே பார்த்தார். திங்கட்கிழமை கம்பெனி பஸ் என் கண் முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார். மூலையில் வைத்திருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரெண்டு தரம் கொட்டாவி விட்டார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, “ஏய்ய்ய்!” என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், டிவி பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார் அண்ணியின் கணவர்.

முட்டிவலியால் ரெண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருப்பார் அத்தை. அன்றைக்குத் தரையிலிருந்து எகிறி எகிறிக் குதித்தார். (தரையில் லட்டுத் தட்டு இருந்த பக்கம் மட்டும் ஒருமுறைகூடக் கால் போகவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.)

“யாரு தாயே வந்துகீற?” என்று சித்தி கைகூப்பினார்.

“ஆத்தாடா! இந்த செவுத்துல நான்தான்டா எறங்கிகீறேன்! மாடு சொல்லிச்சு, நீங்க கேக்கல! இது ரத்தம் இல்லடா, என் செவப்பு!”

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சூடம் ஏற்றி ஆத்தாவின் நாக்கருகில் கொண்டுபோனார். ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இன்னிக்கு சூடம் வாணாம்! கோலி சோடா கொண்டா!”

கோலி சோடாவுக்கு ஆள் ஓடியது. ஆத்தா மேற்கொண்டு உத்தரவு போட்டாள். “இங்க டிவிய மாட்டாத! சத்தம் ஆகாது எனக்கு!” அண்ணியின் கணவர் அட்டைப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தலையாட்டினார். அப்போதுதான் என் கணவர், அந்த மகராசர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை எனக்காகச் சரியான நேரத்தில் வாயைத் திறந்தார்.

“தாயே, எம் பொண்டாட்டி கம்பெனி வேலைய உட்டுட்டு இந்த வேலைய பாக்கலாமா?”

ஆத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“உட்டுடட்டும்! இவ கையில நான் கீறேன்! ஆனா ஒண்ணு. அந்த ஊட்டு செவுத்த மட்டும் இவ தொடக் கூடாது!”

“எந்த ஊடு தாயே?”

“கும்மிடிப்பூண்டியில, ரேஷன் கடைக்குப் பின்னால, பச்ச கேட்டு போட்ட ஊடு!”

எங்கள் வீட்டு முகவரியை ஆத்தா அவ்வளவு சுத்தமாகச் சொன்னதும் கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. திருநீறு பூசி ஆத்தாவை மலையேற்றினார்கள்.

பின்கட்டில் அத்தை கோலி சோடாவோடு உட்கார்ந்திருந்தபோது மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“காலையில ஆரத்தி கரைச்சவ யாருடி?” என்றார்.

“நான்தான் அத்தை.”

“அதுல இன்னா போட்ட?”

“மஞ்சா... அப்புறம் செவக்கறதுக்கு கொஞ்சம் சுண்ணா...” என்றவள் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், மேலே காய்ந்த சுவரில் கொஞ்சம் மெதுவாக. தாலி கட்டிய நாளிலிருந்து எத்தனை ஆரத்தி கரைத்திருப்பேன்! அன்றைக்கு விடிவதற்கு முன்பும் கரைத்தேன். ஐந்து நாளுக்கு முன்பு வரை கெஞ்சிக் கெஞ்சித் தேய்த்ததும் அதே சுண்ணாம்பைத்தான். சான்றிதழ் வேறு வாங்கியிருந்தேன்!

“இத நீ அங்க சொன்னின்னா, வேல தெரியாதவன்னு உன்ன ஆர்.கே.பேட்டை வரைக்கும் பஸ்ல சொல்லிக்கினே போவா எந்தங்கச்சி” என்றார் அத்தை. மீதிப் பாதி சோடாவை என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்தது. வாங்கிக் குடித்தேன்.

“அப்ப சாமி வந்தது பொய்யா அத்தை?”

முறைத்தார். “ஆத்தா சொன்னத ஆத்தா சொன்னா. எனக்கு இன்னாடி தெரியும்? முட்டி வலிக்குது, தூக்கு.”

திங்கட்கிழமை கம்பெனி பஸ் நான் இல்லாமல் போனது. அண்ணி வீட்டில் இன்றைக்கும் டிவி மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. குனிந்துதான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஹாலுக்கு வந்து சுவருக்கு விளக்கேற்றுகிறார்கள். ஒரு மாதம் கழித்து நான் போய் அந்தக் கைகளோடு சேர்த்தே மெழுகு பூசிவிட்டு வந்தேன். என் முதல் ஆர்டர் சித்தியிடமிருந்து வந்தது. “எங்க ஊட்லயும் ஒரு செவுரு பண்ணும்மா. கொஞ்சம் ரத்தம் வர்றாப்ல.” இப்போதெல்லாம் நான் செய்த சுவருள்ள வீட்டில் விசேஷம் என்றால், சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களின் கையைத் திருப்பிப் பார்ப்பது நானேதான். எங்கள் வீட்டில் யார் ஆரத்தித் தட்டை எடுத்தாலும் சேகர், “செவுரு பத்திரம்!” என்பார்.

போன பொங்கலுக்கு முன்னால் மட்டும் ஒரு ஆசை வந்தது. வேலை போக மிச்சமான பிளாஸ்டர் அரை வாளி இருந்தது. அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “ஹால்ல அந்த சின்ன செவுரு ஒண்ணே ஒண்ணு அத்தை, ஒரு நாள்ல முடிச்சிடுவேன்” என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தேன்.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் கொண்டையை அவிழ்த்தார். தலை லேசாக ஆடத் தொடங்கியது.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கோலி சோடா வாங்கக் கடைக்குப் போனேன்.