காதர் பாய் மண்டிக்கு ஹலோ வந்த நாள்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனா இப்பவே இல்லை. முதல்ல ஆட்டுத்தோல் பத்திச் சொல்லணும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க.

ஆம்பூர்ல காதர் பாயோட தோல் மண்டியில எங்கப்பா குமாஸ்தா. அடைமழைக் காலம். உப்புப் போட்ட தோல் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்குது. நாலு நாள் போனா அழுகிடும். மெட்ராஸ் ஏஜெண்டு சாயங்காலம் டிரங்க் கால் போட்டு வியாபாரத்தை முடிக்கிறதா தந்தி கொடுத்திருந்தார்.

மண்டிக்கு டெலிபோன் வந்தே ரெண்டு நாள்தான். பாய் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு, சத்தமே இல்லாம விலை பேசிப் பழகினவர்.

"டேய் சேகர், இதை எடுத்தா ஹலோ ஹலோங்கிறானே, அப்படின்னா இன்னா? இங்கிலீஷ் வாத்தியாரைக் கேட்டு வா. அர்த்தம் தெரியாம எவன் பேச்சையும் காதுல வாங்க மாட்டேன்."

வாத்தியார் வீடு ஒரு மைல். டீக்கடை பத்தடி. நான் டீக்கடைக்குப் போனேன்!

ரெண்டு மசால்வடை கழிச்சுத் திரும்பினேன். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, வாத்தியாரோட மூக்குக்குரல்லயே ஒப்பிச்சேன்: "ஹலோ எனப்படுவது, வெள்ளைக்காரன் வேட்டையில் நாயை உசுப்பிவிடக் கத்தும் சத்தமாகும்!"

"நாயையா?"

"நாயைத்தான் பாய்."

சிரிப்பார்னு பார்த்தேன். சிரிக்கலை.

போன் அடிச்சுது. பாய் ரெண்டு கையாலயும் எடுத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

அந்தப் பக்கம் ஏஜெண்டுக்கு லைன் சரியில்லை போல. "ஹலோ! ஹலோ! ஹலோ!" தெரு வரைக்கும் கேட்டுச்சு.

"அரே! நான் சலாம் சொல்றேன், நீ நாயை ஏவுறியா?" டொக்!

மறுபடி அடிச்சுது. மறுபடி ஹலோ. மறுபடி டொக்!

"இவனுக்கு விக்கிறதுக்குப் பாலாத்துல கொட்டிடலாம்!"

அப்பா முகம் உப்புல ஊறின தோலா சுருங்கிப் போச்சு. நான் பாய் முன்னாடி போய் நின்னேன்.

"பாய், நான் வாத்தியாரைப் பார்க்கவே இல்லை! நானாக் கட்டி விட்டது!"

"எனக்கு நஷ்டம் வந்துடுமேன்னு பொய் சொல்றே. நல்ல புள்ள." தலையைத் தடவிக் கொடுத்தார்!

அந்த நேரம் பார்த்து, குடையோட வாத்தியார் தெருவுல வர்றார். ஓடிப்போய் இழுத்து வந்தேன்.

"சார், ஹலோவுக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லுங்க சார்!"

"இல்லாமல் என்ன? வேட்டைநாயை உசுப்பவும் அந்தக் கத்தல்தான், தூரத்துப் படகுக்காரனைக் கூப்பிடவும் அதேதான். அகராதியிலேயே இருக்கிறது. இப்போது டெலிபோனில் அது மரியாதையாக அழைப்பது."

நான் வாயைப் பொளந்துட்டேன். என் பொய் நிஜமாயிடுச்சு!

பாய் குறைபட்டுக்கிட்டார்: "அந்த மரியாதை விஷயத்தையும் மத்தியானமே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா வாத்தியாரே?"

"நானா? ரெண்டு நாளாக வேலூரில் இருந்தேன். இப்போதுதான் ரயிலை விட்டு இறங்கி வருகிறேன்."

பாய் என் பக்கம் திரும்பினார். மெதுவா.

மூணாவது தடவை போன் அடிச்சுது. ஒரு கையில போன். இன்னொரு கையில என் காது.

"ஹலோ" என்றார், தேனாட்டம்.

தோல் பூரா வித்துப்போச்சு. பேரம் முடியிற வரைக்கும் காது மட்டும் அவர்கிட்டதான் இருந்துச்சு.

ஒருத்தர் குரல்ல பொய் சொல்றதுக்கு முன்னாடி, அவர் ஊர்ல இருக்காரான்னு பார்த்துக்கணும்.