மார்ஜின் சாரும் நாய் வில்லையும்

நகராட்சி போடும் சட்டத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து, அதன்படி நடந்தும் காட்டுவது என்று கிளம்பிய மனிதர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான். அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை என்பது என் எண்ணம்.

அப்பா அம்மா வைத்த பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் மார்ஜின் சார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பூட்டுக்கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை உதவிக்கு வைத்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் மார்ஜின் விடாமல் அடித்த காகிதத்தை, வேட்டி கட்டாத மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் கேஸ், பின்னால் ஆளை ஏற்றி டபுள்ஸ் போனாலும் கேஸ். போலீஸைக் கண்டால் இறங்கி, தாண்டியதும் ஏறிக்கொள்வது ஊர் வழக்கம். மார்ஜின் சாரின் எண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துவிட்டால், போலீஸ் வாடையே இல்லாத தெருவிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேருவார். சாலையில் ஆளே இல்லையே என்று ஒருமுறை கேட்டேன். சட்டத்தில் ஆள் இருந்தால் என்று போடவில்லையே என்றார். அதற்குமேல் நான் எதையும் கேட்பதில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது.

ஐப்பசி மழைக்கு ஒதுங்கி மாடிப்படி ஏறி வந்தது. செம்பட்டை நிறம், வால் மட்டும் கமா மாதிரி வளைந்திருக்கும். டைப் படிக்க வந்த பையன்கள் அதற்குக் கமா என்றே பெயர் வைத்து வடையைப் பிட்டுப் போட்டார்கள். சார் ஸ்கேலை எடுத்துக்கொண்டு விரட்டினார். கமா அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. மழை விட்ட பிறகும் போகவில்லை. அவர் மேஜைக்கு அடியில், அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து நகராட்சியிலிருந்து தமுக்கு அடித்தார்கள். நாய் வளர்ப்பவர்கள் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்து, நாயின் கழுத்தில் பித்தளை வில்லை மாட்ட வேண்டும். வில்லை இல்லாத நாயைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். ஊர் அதைக் கேட்டது, பிறகு டீயைக் குடித்தது. மார்ஜின் சாருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அவருடைய சந்தேகம் இதுதான்: தானாக வந்து படுத்த நாய்க்கு அவர் சொந்தக்காரரா, இல்லையா?

என்னையும் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்குப் போனார். லைசென்ஸ் பகுதியில் இருந்த கிளார்க் பொறுமைசாலி. சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்டார். பையன்கள் என்றார் சார். படுப்பது எங்கே? சார் தலையைக் குனிந்துகொண்டு, என் செருப்பின் மேல் என்றார். அப்படியானால் நாய் உங்களுடையதுதான், வில்லை வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார் கிளார்க். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சார் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றைத் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய் என்றார். கிளார்க், சரி, அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவரிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அன்றைக்கே அகலமான மார்ஜினோடு ஒரு மனு போயிற்று. செம்பட்டை நிறமும் வளைந்த வாலும் உள்ள மேற்படி பிராணி தனக்குச் சொந்தமானதன்று என்று. சொந்தமில்லாத நாயின் அங்க அடையாளம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பதில் வந்தது. அதற்கு விளக்கம் போயிற்று. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். மனுக்களின் நகல்களையே பையன்களுக்கு ஸ்பீடு பயிற்சிக்குக் கொடுத்தார் சார். அந்த வருஷம் திண்டுக்கல்லில் டைப் கற்ற எவனை உறக்கத்தில் தட்டி எழுப்பினாலும், 'மேற்படி பிராணி எனக்குச் சொந்தமானதன்று' என்று பிழையில்லாமல் அடிப்பான்.

நாய் தனக்கில்லை என்று நிரூபிக்கக் கிளம்பியவரை ஊர் நாய்க்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தது. நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி வந்து, "ஏனுங்க, நாய்க் கேஸ் பாக்குற வக்கீல் நீங்கதானுங்களா?" என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்து நாய் அவரைக் கடித்துவிட்டதாம். சார் அவரை உட்காரவைத்து நாய்ச் சட்டம் முழுவதையும் விளக்கினார். கேட்டு முடித்த மனிதர், கடி வாங்கியது தன் தப்புத்தான் போலிருக்கிறது என்று வருத்தத்தோடு எழுந்து போனார்.

ஒரு முற்பகல், வகுப்பு நடக்கும்போது எதிர்ப் பிரியாணிக்கடை பாய் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், உங்க நாயை வண்டில ஏத்திட்டுப் போறாக."

"என் நாய் இல்ல பாய்" என்றார் சார். பழக்கதோஷம். சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு அப்படியே நின்றார். மெஷின் சத்தமெல்லாம் ஓய்ந்துவிட்டது. அவர் முகத்தை அதற்குமேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை. செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார். என் சைக்கிளை எடுத்தேன். மார்ஜின் சார் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். டபுள்ஸ். போலீஸ்காரர் ஒருவர் பார்த்தார். ஆள் யாரென்று தெரிந்ததும் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்.

நகராட்சி ஆபீஸில் கிளார்க் மனுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்கும் சங்கடம்தான்.

"நாய் எனதில்லன்னு நீங்களே அடிச்சுக் குடுத்திருக்கீக. இன்னாருதுன்னு இல்லாம நான் எப்படி சார் விடச் சொல்றது?"

"அது என் நாய்தான்."

"அப்ப இதெல்லாம்?"

சார் தன் கையால் அடித்த காகிதங்களைப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மார்ஜின் நூல் பிடித்தாற்போல் இருந்தது.

"அம்புட்டும் பொய்" என்றார்.

கிளார்க் மனசாட்சி உள்ள மனிதர். ஒவ்வொரு மனுவாக எடுத்து இதுவும் பொய்யா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சார் ஆமாம் என்றார். பிறகு, பொய் மனு கொடுத்ததற்கு என்ன தண்டனை என்று அவரே கேட்டார். நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அதுவே போதும் என்றார் கிளார்க்.

கழுத்தில் வில்லையோடு கமா திரும்பி வந்தது. தெரு வரைக்கும் வந்தது. மாடி ஏறவில்லை. நேராகப் பிரியாணிக்கடைக்குள் போய் எலும்புக் கூடைக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. பிறகு அதுதான் அதற்கு வீடு. ஆனால் சட்டப்படி சொந்தக்காரர் மாடியில் இருந்தார். யார் வீட்டுச் செருப்பைத் தூக்கினாலும், எந்தத் தபால்காரரைத் துரத்தினாலும் புகார் மாடிக்கு வந்தது. கறி வாடையே ஆகாத மார்ஜின் சார், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் கடை வாசலில் நின்று தன் நாயைப் பார்த்துவிட்டுப் போவார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எலும்புக்குத் திரும்பிவிடும். உண்கிற இடம்தான் வளர்க்கிற இடம், லைசென்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பாயிடம் வாதாடிப் பார்த்தார்.

"சோறு என் கடையில, வில்லை உங்க பேர்ல. பங்கு சரியாப் போச்சு சார், விடுங்க" என்றார் பாய்.

வருஷா வருஷம் சார் லைசென்ஸைப் புதுப்பித்தார். ஊரிலேயே வில்லை போட்ட நாய் அது ஒன்றுதான் என்று சொல்வார்கள். கமாவுக்கு வயதாயிற்று, கண் மங்கிற்று. ஒரு கோடையில் பிரியாணிக்கடை வாசலிலேயே செத்துப்போயிற்று. பாயும் சாருமாகக் குளத்துக் கரைக்குத் தூக்கிப் போய்ப் புதைத்தார்கள்.

எனக்கு அதற்குள் உத்தியோகம் கிடைத்து இன்ஸ்டிடியூட்டை விட்டிருந்தேன். புதுப்பிக்கிற மாதம் ஒருநாள் நகராட்சி ஆபீஸ் வழியாகப் போகும்போது வரிசையில் மார்ஜின் சார் தெரிந்தார். கையில் டைப் அடித்த காகிதம். அவர் முறை வந்தது. ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றவர், எதையும் நீட்டாமல் விலகி வந்துவிட்டார்.

என்ன சார் என்று கேட்டேன்.

"நாய் செத்தா எழுதிக் குடுத்து, பேரை அடிச்சிரணும்னு ரூல் இருக்கப்பா. அடிச்சு எடுத்துட்டுத்தான் வந்தேன். குடுக்க வரமாட்டேங்குது."

காகிதத்தைப் பார்த்தேன். முதல் வரி மார்ஜினைத் தாண்டி ஓரம் வரைக்கும் போயிருந்தது.

அவர் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது; ஆபீஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.